எத்தனை அடி தள்ளி நிற்கப் போகிறீர்கள்?

அக்கா மகள் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை, பாட்டிக்கு மூக்குக்கண்ணாடி என்று செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாள். அதன் பிறகு மாதாமாதம் ஒதுக்கிவைத்த பணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வந்தாள்.

“மாமா, ஒரு கேமரா வாங்க வேண்டும். பெரியது வேண்டாம். கைப்பையில் எப்போதும் கிடக்க வேண்டும். பார்க்கவும் அழகாக இருக்க வேண்டும். எதை வாங்கலாம்?”

பட்டியல் ஒன்றையும் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். ஃபுஜிஃபிலிம் எக்ஸ்100, ரிக்கோ ஜிஆர், கேனன் ஜி7எக்ஸ், சோனி ஆர்எக்ஸ்100, கடைசியில் ஒரு கேள்விக்குறியோடு ‘பழைய டிஜிட்டல் கேமரா’. ஒவ்வொன்றுக்கும் எதிரே மெகாபிக்சலும் விலையும் இருந்தன. அக்கறையாகத் தயாரித்த பட்டியல். ஆனால் இந்தத் தேர்வைத் தீர்மானிக்க வேண்டிய எண் அதில் இல்லை.

அவளுடைய கைப்பேசியை வாங்கினேன். ஐஃபோனில் ஒரு படத்தைத் திறந்து மேல்நோக்கித் தள்ளினால், அது எத்தனை மி.மீ. லென்ஸில் எடுக்கப்பட்டது என்று காட்டும். அவளுடைய கைப்பேசியில் 24 என்றால் சாதாரண லென்ஸ். 48 என்றால் ‘இரண்டு மடங்கு’ பொத்தானை அழுத்தி எடுத்தது. கடைசி இருநூறு படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தோம். கலக்கி வைத்த தேநீர் ஆறிப்போனது. நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட படங்கள் 48. பாட்டியின் கை, தட்டில் ரொட்டி சானாய், பஸ் ஜன்னலில் மழைத்துளி, தூங்கும் பூனை. அவள் ஊரை எடுப்பவள் அல்லள். ஊரில் ஒரு துண்டை எடுப்பவள். இது அவளுக்கே அதுவரை தெரியாது.

ஜூம் இல்லாத சின்னக் கேமரா வாங்குவது என்றால், மனிதர்களிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதை ஒரேயடியாக முடிவு செய்வது என்று பொருள். ஜிஆர் 3-இன் லென்ஸ், பழைய ஃபிலிம் கணக்கில் 28 மி.மீ. எக்ஸ்100 வரிசை முழுவதும் 35. ஜிஆர் 3எக்ஸ் 40. வெறும் எண்களாகப் பார்த்தால் பெரிய வேறுபாடு இல்லை என்று தோன்றும். ஓர் எளிய கணக்கு இருக்கிறது. 36-ஐ அந்த மி.மீ. எண்ணால் வகுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை மீட்டர் அகலம் படத்துக்குள் வரும் என்பது தெரிந்துவிடும். 28-க்கு ஏறத்தாழ 1.3 மீட்டர், 35-க்கு ஒரு மீட்டர், 40-க்கு 90 சென்டிமீட்டர். உணவுக்கடை மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரை எடுத்தால், 28-இல் அவரும் பக்கத்து நாற்காலியும் வருவார்கள். 40-இல் அவரும் அவருடைய தட்டும் மட்டும்.

கணக்கு காகிதத்தில் இருந்தால் போதாது என்று மறுவாரம் அவளை ஜார்ஜ்டவுனுக்கு அழைத்துப் போனேன். என்னிடம் இருப்பது ஜிஆர் 3. நண்பர் ஒருவர் தம்முடைய எக்ஸ்100-இன் ஆறாம் பதிப்பையும், அவருடைய தம்பி தம்முடைய ஜிஆர் 3எக்ஸையும் ஒரு வாரத்துக்குக் கொடுத்திருந்தார்கள். லிட்டில் இந்தியாவில் பசியாறிவிட்டு, குயின் தெரு மகாமாரியம்மன் கோயில் பக்கமாக நடந்தோம்.

கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதை பினாங்குக்காரர்களுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். 1822-இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்திலேயே, கடைகளின் முன்னால் கூரையிட்ட நடைபாதை விட வேண்டும் என்ற விதி இருந்தது. மலாயில் காக்கி லீமா என்கிறார்கள். ஐந்தடி என்பது ஒன்றரை மீட்டர். சில இடங்களில் கூடும். பூவாளிகளும் ஸ்டூல்களும் வைத்த இடங்களில் குறையும். இந்த ஒன்றரை மீட்டர்தான் பினாங்கில் தெருப்படம் எடுப்பவரின் அரங்கம். முதுகு தூணில் முட்டும். எதிரே வாசற்படியில் ஆள். அதற்குமேல் பின்னால் போக வேண்டுமானால் கால்வாயைத் தாண்டிச் சாலையில் இறங்க வேண்டும். சாலையில் மோட்டார் சைக்கிள்.

ஒரு பூக்கடையின் முன்னால் அப்படித் தூணில் சாய்ந்து நின்று மூன்று கேமராக்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். மாலை கட்டும் அம்மாவிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டோம். தலையை ஆட்டிவிட்டு அவர் தம் வேலையைப் பார்த்தார். செங்குத்தாகப் பிடித்தால், 1.6 மீட்டர் உயரமுள்ள ஒருவரைத் தலை முதல் கால் வரை எடுக்க 28-க்கு ஒன்றேகால் மீட்டர் தூரம் போதும். 35-க்கு ஒன்றரை மீட்டருக்கும் சற்று மேல் வேண்டும். 40-க்கு ஒன்றே முக்கால் மீட்டருக்கும் மேல். அதாவது அந்தத் தூணில் சாய்ந்தபடி 28-இல் அந்த அம்மா எழுந்து நின்றாலும் முழுதாக வருவார். தலைக்கு மேல் தொங்கும் சாமந்தி மாலைகளில் ஒரு வரிசையும் வரும். 35-இல் பாதம் விளிம்பைத் தொடும். 40-இல் கெண்டைக்கால் பாதியிலேயே வெட்டுப்படும்.

ஆனால் அக்கா மகள் எடுத்தது முழு ஆளை அல்ல. குனிந்து, அந்த அம்மாவின் கைகளுக்கு நெருங்கினாள். இரண்டிரண்டு மல்லிகை மொட்டுகளாக எதிரெதிர்த் திசையில் வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரல் நுனியில் ஒரு சுண்டு. இடது கட்டைவிரல் நகத்தில் நாரின் பச்சை படிந்திருந்தது. 40 மி.மீ.-இல் அந்தக் கைகள் மட்டும் சட்டத்தில் நின்றன. விரல்களின் வடிவம் கெடவில்லை. 28-இல் அதே அளவுக்குக் கைகள் பெரிதாகத் தெரிய நான் இன்னும் நெருங்க வேண்டியிருந்தது. அப்போது முன்னே இருந்த கட்டைவிரல் ஊதிப்போய், பின்னால் இருந்த மணிக்கட்டு சிறுத்துவிட்டது. லென்ஸ் மீது குறையில்லை. அத்தனை நெருக்கத்தில் எதைப் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும்.

“அப்படியானால் 28 வாங்கி, நான்கு பக்கமும் வெட்டிக்கொண்டால் 40 ஆகிவிடாதா?” என்று கேட்டாள். சரியான கேள்வி. ஆகும். நின்ற இடம் மாறாதவரை, வெட்டிய 28-க்கும் 40-க்கும் தோற்றத்தில் வேறுபாடு இல்லை. ஜிஆர் 3-இன் 24 மெகாபிக்சலை 40 மி.மீ. அளவுக்கு வெட்டினால் பாதிக்குச் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ 12 மெகாபிக்சல், மிஞ்சும். நம் ஊர்க் கடைகளில் கழுவும் 4ஆர் (நான்குக்கு ஆறு அங்குலம்) அளவுக்கு இரண்டு மெகாபிக்சலே போதும் என்பதால், வெட்டியதில் நஷ்டமும் இல்லை. ஆனால் 28-ஐக் கையில் வைத்திருப்பவர் 28-ஆகத்தான் பார்க்கிறார். திரையில் இருப்பதை நிரப்பத்தான் மனம் ஓடும். பதினைந்து ஆண்டுகளாக நான் ‘பிறகு வெட்டிக்கொள்ளலாம்’ என்று எடுத்த படங்களில் பெரும்பாலானவை வெட்டப்படாமலே கிடக்கின்றன.

28-க்காக இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஜிஆர் கேமராக்களில் ஸ்னாப் ஃபோகஸ் என்ற ஒரு வசதி உண்டு. தூரத்தை முன்கூட்டியே ஒன்றரை மீட்டர், இரண்டு, இரண்டரை என்று குறித்து வைத்துவிட்டுப் பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்தினால், கேமரா குவியத்தைத் தேடாமல் உடனே எடுத்துவிடும். ஜிஆர் 3-இல் லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை எஃப் 8 என்ற சிறிய அளவில் வைத்து, தூரத்தை இரண்டு மீட்டர் என்று குறித்தால், ஏறத்தாழ ஒரு மீட்டரிலிருந்து இருபது மீட்டருக்கு அப்பால் வரை தெளிவாக இருக்கும். கண்ணருகே கொண்டுபோக வேண்டியதில்லை. திரையைப் பார்க்கவும் வேண்டியதில்லை. 3எக்ஸில் இதே விளையாட்டு அவ்வளவு தாராளமாக நடக்காது. எஃப் 8-இல் இரண்டரை மீட்டர் என்று குறித்தால், ஏறத்தாழ 1.6 மீட்டரிலிருந்து ஆறு மீட்டர் வரைதான். தெருவில் ஓடுகிற கணத்தைப் பிடிக்க விரும்புபவர் 28-ஐ எடுக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இது ஒன்றே போதும். தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் லிட்டில் இந்தியாவிலிருந்து தண்ணீர்மலையை நோக்கிப் புறப்படும்போது, சாலையெங்கும் தேங்காய் சிதறும்; அந்த நெரிசலில் ஓரடி பின்னால் வைக்க இடம் கிடைக்காது. மறுநாள் முருகன் கோயிலின் 513 படிகளில் காவடி ஏறும்போதும் அப்படித்தான். அந்த இரண்டு நாளும் என் கையில் 28-ஐத் தவிர வேறு எதுவும் இருந்ததில்லை.

எக்ஸ்100-க்கு வருகிறேன். அக்கா மகளின் மனம் முதலிலிருந்தே அதன் மேல்தான். குறை சொல்ல முடியாது. 2010-இல் முதன்முதலாகக் காட்டப்பட்டபோதே, அந்த வெள்ளி நிற மேற்பகுதியும் தோல் போர்த்திய உடலும் சக்கரங்களும் டிஜிட்டல் கேமரா என்றால் கறுப்புப் பெட்டி என்ற எண்ணத்தை உடைத்தன. 2024 பிப்ரவரியில் வந்த ஆறாம் பதிப்பில் 40 மெகாபிக்சல். கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி இந்த வரிசையில் முதன்முறையாக இதில்தான். நிறுவனம் தொடங்கிய ஆண்டான 1934-ஐ நினைவுகூர்ந்து 1,934 கேமராக்கள் மட்டும் கொண்ட சிறப்புப் பதிப்பையும் வெளியிட்டார்கள். அறிமுக விலை 1,599 அமெரிக்க டாலர். வாங்க நினைத்தவர்கள் உலகமெங்கும் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

அழகு என்பது மேற்பூச்சு என்று ஒதுக்கிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஷட்டர் வேகத்துக்கு ஒரு சக்கரம், வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சக்கரம், லென்ஸைச் சுற்றித் துளைக்கு ஒரு வளையம். கேமராவை இயக்குவதற்கு முன்பே எல்லாம் எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. வெள்ளை வேட்டி கட்டிய கறுத்த மனிதரை நண்பகல் வெயிலில் எடுக்கும்போது, எந்தக் கேமராவும் தடுமாறும். வேட்டியைக் காப்பாற்றினால் முகம் இருண்டுவிடும், முகத்தைத் தூக்கினால் வேட்டி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். கட்டைவிரலுக்கு அடியிலேயே வெளிச்சச் சக்கரம் இருப்பதால் ஒரு கணத்தில் சரிசெய்துகொள்ளலாம். நம்மவர்களை நம்மவர்களின் நிறத்திலேயே எடுக்க நினைப்பவருக்கு இது அலங்காரமே இல்லை.

கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இருப்பதும் பெரிய விஷயம். எக்ஸ்100-இல் கண்ணாடி வழியாக நேரடியாகவும் பார்க்கலாம். ஒரு நெம்புகோலைத் தட்டினால் மின்திரையாகவும் மாறிவிடும். ஜிஆரில் இரண்டும் இல்லை. அசையாத பின்திரை மட்டும். பாடாங் கோத்தாவில் கடலைப் பார்த்து மதியம் இரண்டு மணிக்கு நின்று பாருங்கள், அந்தத் திரையில் உங்கள் சொந்த முகம்தான் தெரியும். மேலும் எக்ஸ்100-இல் ஃபிளாஷ் உள்ளேயே இருக்கிறது. ஜிஆர் 3-இலும் 3எக்ஸிலும் இல்லை. திரையைச் சாய்த்து இடுப்பளவில் வைத்து எடுக்கலாம். தனியே விற்கும் வளையத்தையும் ஃபில்டரையும் பொருத்தினால் தூறலையும் தாங்கும். ஜிஆருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அக்டோபர் மழையில் அது பைக்குள் போய்விட வேண்டும்.

இத்தனையும் எழுதிவிட்டு எக்ஸ்100-ஐ ஏன் அவளுக்குச் சொல்லவில்லை என்றால், காரணம் அந்த ஒரு வாரத்தில் இருக்கிறது. 521 கிராம் எடை, ஐந்தரை சென்டிமீட்டர் தடிமன். ஜிஆர் 3எக்ஸ் 262 கிராம், மூன்றரை சென்டிமீட்டர். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அவள் எக்ஸ்100-ஐச் சோற்றுப் பாத்திரத்தோடும் குடையோடும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனாள். வியாழக்கிழமை அது வீட்டில் தங்கிவிட்டது. வெள்ளிக்கிழமையும் அப்படியே. 3எக்ஸ் ஏழு நாளும் பையில் இருந்தது. எடுத்து வைத்ததை அவளே மறந்துபோன நாளும் உண்டு.

அழகின் இன்னொரு முகத்தையும் அந்த வாரம் பார்த்தோம். எக்ஸ்100-ஐத் தூக்கியதும் பூக்கடை அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்; கை நின்றுவிட்டது. கறுப்பாக, ஒரு சோப்புப் பெட்டி போல இருக்கிற ஜிஆரைத் தூக்கியபோது அவர் பக்கத்துக் கடைக்காரரோடு பேசிக்கொண்டே கட்டினார். பாட்டி விஷயத்தில் கதை நேர்மாறு. ஜிஆரை நீட்டினால் “அப்புறம் எடு, போ” என்று முகத்தைத் திருப்பிக்கொள்பவர், எக்ஸ்100-ஐப் பார்த்ததும் சீப்பு கேட்டார். “தாத்தா வைத்திருந்த கேமரா மாதிரி இருக்கிறது” என்று சொல்லி, பொட்டைச் சரிசெய்துகொண்டு ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தார். அந்த வாரத்தின் மிகச் சிறந்த படம் அதுதான். அதை எடுத்தது எக்ஸ்100. வீட்டு மனிதர்களை உட்காரவைத்து, பேசி, நேரம் எடுத்துப் படம்பிடிக்க ஆசைப்படுபவர் எடையைப் பொருட்படுத்தாமல் இதை வாங்கலாம் என்று தயங்காமல் சொல்வேன். மூன்றாம் வழியாக 2020-இல் வந்த ஐந்தாம் பதிப்பைப் பழைய சந்தையில் தேடலாம். நடுக்கம் தாங்கும் வசதி இல்லை, 26 மெகாபிக்சல்தான், ஆனால் 478 கிராம், லென்ஸ் அதேதான்.

ஜூம் உள்ளவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேனன் ஜி7எக்ஸ் மார்க் 3, 24 முதல் 100 மி.மீ. வரை போகும், லென்ஸ் எஃப் 1.8-இல் தொடங்குகிறது, திரை முன்பக்கம் பார்க்கத் திரும்பும், ஃபிளாஷும் உண்டு. சோனி ஆர்எக்ஸ்100-இன் ஏழாம் பதிப்பு 200 மி.மீ. வரை போகும், மேலே தூக்கினால் ஒரு சின்ன வியூஃபைண்டர்கூட வரும். இரண்டும் 2019-இல் வந்தவை, இரண்டும் 300 கிராம் அளவு. பிள்ளையின் பள்ளி மேடை நிகழ்ச்சி, திருமண மேடை, கொடிமலை உச்சியிலிருந்து பாலம் என்று தூரத்தைச் சுருக்க வேண்டியவருக்கு இவைதான் பொருத்தம். பேசிக்கொண்டே காணொளி எடுப்பவருக்கு கேனன். இவற்றில் ஒளியைப் பதியும் சென்சார் 13.2-க்கு 8.8 மி.மீ.; ஜிஆரிலும் எக்ஸ்100-இலும் இருப்பது பரப்பளவில் அதைப்போல் மூன்று மடங்கு. மாலை ஏழரைக்கு மேல், குழல்விளக்கு மட்டும் எரியும் உணவுக்கடையில், அந்த மூன்று மடங்கு முகத்தின் தோலில் தெரியும்.

ஃபுஜிஃபிலிம் 2025-இல் வெளியிட்ட எக்ஸ் ஹாஃப் அவளுடைய தோழிகளிடையே நிறையப் பேசப்பட்டது. 240 கிராம், செங்குத்தாக வைத்த சென்சார், 18 மெகாபிக்சல். 36, 54 அல்லது 72 படம் முடியும்வரை எடுத்ததைப் பார்க்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும் ஃபிலிம் முறையும் உண்டு. அந்தக் காத்திருப்பு உண்மையிலேயே இனிமையானது. ஆனால் பிறகு பெரிதாகத் திருத்த இடம் தராத ஜேபெக் கோப்பாக மட்டும்தான் பதியும். ஃபிளாஷ் இருக்க வேண்டிய இடத்தில் எல்இடி விளக்கு. 849 டாலர் அறிமுக விலைக்கு இது இரண்டாவது கேமராவாக இருக்கலாம். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கும் முதல் கேமராவாக நான் சொல்ல மாட்டேன்.

பழைய டிஜிட்டல் கேமரா பற்றி அவள் வைத்திருந்த கேள்விக்குறி சரியான இடத்தில்தான் இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் பத்தாண்டுகளின் சின்னக் கேமராக்கள் இப்போது மீண்டும் விரும்பப்படுகின்றன. அவற்றின் ஃபிளாஷ் கைப்பேசியின் எல்இடி விளக்குப் போன்றதன்று. ஒரே வெடிப்பாக அடித்து அசைவை உறைய வைக்கும். பிறந்தநாள் விருந்துகளில் அந்தப் படங்களுக்கு ஒரு தனிக் களை இருக்கிறது. குறைந்த விலையில் கிடைக்கும் என்பதும் உண்மை. ஆனால் என்னுடைய அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய பொருள் கடையில் அப்படியொன்றை ஆசைப்பட்டு வாங்கினேன். கடையில் இயங்கிக் காட்டினார்கள். வீட்டுக்கு வந்து பேட்டரியை எடுக்கப் பார்த்தால் வரவில்லை. வயிறு உப்பி உள்ளேயே இறுகிக்கொண்டிருந்தது. மாற்றுப் பேட்டரியை அந்த நிறுவனம் தயாரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டது. ஆகவே பேட்டரியைக் கழற்றிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். படங்கள் பதியும் அட்டையையும் பாருங்கள்: சில கேமராக்கள் எக்ஸ்டி அட்டையைக் கேட்கும், அது தயாரிப்பில் இல்லை. 2006-க்கு முந்தைய பல கேமராக்கள் எஸ்டி அட்டை என்றாலும் 2 ஜிபிக்கு மேற்பட்டதைப் படிக்காது.

கைப்பேசியே போதாதா என்று அக்கா கேட்டார். பெரும்பாலான நாட்களுக்குப் போதும். ஆனால் கோயில் கருவறையில் ஒற்றை விளக்கு எரிவதை எடுத்தால், கைப்பேசி நிழலையெல்லாம் தூக்கிப் பகலாக்கிவிடுகிறது. பாட்டியின் கன்னத்துச் சுருக்கத்தை மழுப்பிவிடுகிறது. இருட்டு இருட்டாகவே இருக்க வேண்டும் என்று நினைப்பவருக்குத்தான் தனிக் கேமரா. அந்த நினைப்பு இல்லையென்றால் பணத்தை வங்கியில் விட்டுவைக்கலாம்.

எதை வாங்கினாலும் நம் ஊரில் பூஞ்சையைப் பற்றிப் பேசாமல் முடிக்கக் கூடாது. அப்பாவின் கேமரா ஒன்று அலமாரியில் தோலுறைக்குள்ளேயே நான்கு ஆண்டு கிடந்தது. திறந்தபோது லென்ஸின் உள்ளே சிலந்தி வலை போல வெள்ளை இழைகள் கிளைவிட்டிருந்தன. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். பினாங்கில் அது பெரும்பாலும் 80-ஐ ஒட்டியே நிற்கிறது. மின்சார உலர்பெட்டி வாங்கி 40 முதல் 50-க்குள் வைத்திருப்பது நல்லது. பணம் இல்லையென்றால் காற்றுப் புகாத ரொட்டி டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும், இருபது மலேசிய வெள்ளியில் கிடைக்கும் ஈரமானியும் போதும். இவற்றையெல்லாம்விட நல்ல மருந்து தினமும் வெளியே எடுத்துப் போவது. தோலுறை மட்டும் வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இன்னொன்று தூசி. லென்ஸைக் கழற்ற முடியாத கேமராக்களில் சென்சாரில் தூசி படிந்தால் நாமே துடைக்க முடியாது. பழுதுபார்க்குமிடத்தில் பிரித்தாக வேண்டும். இயக்கும்போதெல்லாம் வெளியே நீண்டு உள்ளே மடங்கும் லென்ஸ்கள் காற்றோடு தூசியையும் இழுக்கின்றன. ஜிஆர், ஜி7எக்ஸ், ஆர்எக்ஸ்100 எல்லாம் இந்த வகை. எக்ஸ்100-இன் லென்ஸ் நீண்டு மடங்குவதில்லை. பழையதை வாங்கும்போது, துளையை முடிந்த அளவு சுருக்கி, வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்து, படத்தைப் பெரிதாக்கி ஓரங்களைப் பாருங்கள். சாம்பல் நிறப் புள்ளி தெரிந்தால் அதுதான். புதிதாக வாங்குபவர்கள் உள்நாட்டு முகவரின் உத்தரவாதம் உள்ளதா, இல்லை வெளியிலிருந்து இறக்கிய ஏபி செட்டா என்று கேட்டுவிடுங்கள். சில நூறு வெள்ளி குறையும் என்பதற்காக, பிரித்துத் துடைக்க வேண்டிய ஒரு பொருளை உத்தரவாதம் இல்லாமல் வாங்குவதில் எனக்கு மனம் வருவதில்லை.

2025-இல் ஜிஆர் 4-உம் வந்துவிட்டது. நடுக்கம் தாங்கும் வசதி மேம்பட்டிருக்கிறது. உள்நினைவகம் ஜிஆர் 3-இல் இருந்த 2 ஜிபியிலிருந்து 53 ஜிபியாகிவிட்டது, அட்டையை வீட்டில் மறந்து வருபவர்களுக்குப் பெரிய வரம். ஆனால் அதுவும் 28-தான். அக்கா மகளுக்கு 28 வேண்டாம். அவளுடைய இருநூறு படங்களே அதைச் சொல்லிவிட்டன.

அவள் மூன்று வாரத்துக்கு முன்பு 3எக்ஸை வாங்கினாள். கூடவே இரண்டு மாற்றுப் பேட்டரிகள். ஒரு பேட்டரிக்கு ஏறத்தாழ 200 படம்தான் என்பதால் இது அவசியம். அழகு குறைவு என்ற வருத்தம் முழுதாகத் தீரவில்லை. பாட்டியின் பழைய பட்டுப்புடவைக் கரையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, மணிக்கட்டுப் பட்டையாகத் தைத்துக்கொண்டிருக்கிறாள். கறுப்புப் பெட்டியில் அரக்குச் சிவப்பும் சரிகையுமாக அது தொங்குவது எனக்குப் பிடித்திருக்கிறது.

கடந்த ஞாயிற்றுக்கிழமை பூக்கடைக்குப் போய், மல்லிகை கட்டும் கைகளின் படத்தை 4ஆர் அளவில் கழுவி அந்த அம்மாவிடம் கொடுத்தாள். அவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, படத்தின் ஓரத்தைப் பிடித்து, வெளிச்சத்துக்குக் காட்டி நீண்ட நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: “கை நன்றாக இருக்கிறது அம்மா. முகம் எங்கே?”

அடுத்த வாரம் முகத்தோடு எடுத்துத் தருவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். கடை முழுவதும் வர வேண்டும், மேலே தொங்கும் மாலைகளும் வர வேண்டும் என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். 40 மி.மீ.-க்கு அவள் சாலையில் இறங்கித்தான் நிற்க வேண்டியிருக்கும். மோட்டார் சைக்கிள் வருகிறதா என்று பார்த்துக்கொள்ள நானும் உடன் போகிறேன்.